என்ன கமரா வாங்கிறது, அக்கா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள எல்லாம் மேசையில பரப்பி வச்சுப் பாத்தா பெரும்பங்கு ஒரே விசயம்தான், முதல் கமரா. அதால மற்றக் கேள்விகள அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சிட்டு இத மட்டும் எடுக்கிறன். ஆக்களின்ட பேர் போடேல்ல, இடம் மட்டும்.

கேள்வி: அக்கா, நான் கம்பஸ் இரண்டாம் வருசம். ட்யூசன் குடுத்து 120,000 ரூபா சேத்து வச்சிருக்கிறன். படம் எடுக்கச் சரியான விருப்பம், ஆனா கமரா பத்தி ஒண்டும் தெரியாது. மச்சான் டிஎஸ்எல்ஆர் எடு எண்டுறான், பிரெண்ட் ஒராள் மிரர்லெஸ் இல்லாட்டிக் காசு வீண் எண்டுறா, கடையில கேட்டா ரெண்டு லென்ஸ் சேந்த கிட் எடுங்கோ எண்டுகினம். நான் எத எடுக்கிறது?
– ஒரு தங்கச்சி, வெள்ளவத்தை

தங்கச்சி, டிஎஸ்எல்ஆர் எண்டா உள்ளுக்குக் கண்ணாடி வச்ச பழைய வகைக் கமரா, மிரர்லெஸ் எண்டா அந்தக் கண்ணாடி இல்லாத புது வகை. மூண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கோ. உங்கட போன எடுத்து கலரிக்குள்ள போய் கடைசியா எடுத்த ஒரு 300 படத்தப் பாருங்கோ, செல்பி, லெக்சர் நோட்ஸ், ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் விட்டிட்டு. மிச்சம் இருக்கிறதுல நீங்க எத எடுக்கிறீங்க, எவ்வளவு கிட்டப் போய் எடுக்கிறீங்க, எந்த நேரத்து வெளிச்சத்தில எடுக்கிறீங்க எண்டு ஒரு பேப்பர்ல எழுதுங்கோ. கமரா வாங்கப் போற ஒவ்வொரு ஆளுக்கும் நான் முதல் சொல்லுறது இதுதான், ஏனெண்டா எங்கட விருப்பம் என்ன எண்டு எங்களுக்கே சரியாத் தெரியாது, போனுக்குத் தெரியும்.

போன மாசம் என்ட மருமகளும் இதே கேள்வியோட வந்தா. 300 எம்எம் சூம் லென்ஸ் வேணுமாம், குருவி எடுக்கப் போறாவாம். சரி கலரியப் பாப்பம் எண்டு பக்கத்தில இருந்து பாத்தம். குருவி ரெண்டே ரெண்டு. நாப்பது படத்துக்கு மேல அம்மம்மான்ட கை. பூ கட்டுற கை, முருங்கை இலை ஆயிற கை, மருந்துப் பெட்டியத் திறக்கேலாமத் தடுமாறுற கை, எல்லாம் பின்னேரம் குசினி யன்னல் வெளிச்சத்தில, பாதி படம் ஆட்டம் கண்டு மங்கலா இருக்கு. தான் கையத்தான் எடுத்துக்கொண்டு இருக்கிறன் எண்டே அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டியது தூரத்த இழுக்கிற லென்ஸ் இல்ல, குறைஞ்ச வெளிச்சத்தில வேலை செய்யிற ஒண்டு.

இதக் கொஞ்சம் விளங்கப்படுத்திறன், ஏனெண்டா காசு எங்க போகவேணும் எண்டது இதிலதான் இருக்கு. கமராவோட வாற 18-55 கிட் லென்ஸ சூம் பண்ணினா வெளிச்சம் உள்ள போற அதின்ட வாய் எஃப் 5.6க்கு மேல திறக்காது (எஃப் நம்பர் குறையக் குறைய வாய் பெரிசாத் திறக்கும்). எஃப் 1.8 எண்டு போட்ட, சூம் பண்ண ஏலாத சின்ன பிக்ஸ்ட் லென்ஸ் அதவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்த உள்ள விடும். கிட் லென்ஸில பத்தில ஒரு செக்கன் தேவைப்படுற அதே குசினியில இதில நூறில ஒரு செக்கன் காணும். பத்தில ஒரு செக்கனுக்குள்ள அம்மம்மான்ட விரல் அசைஞ்சிடும், நூறில ஒண்டுக்குள்ள அவ்வளவா அசையாது. அந்த மங்கலுக்குக் காரணம் இவ்வளவுதான், எவ்வளவு விலைகூடின பொடி (லென்ஸ் இல்லாத கமரா) வாங்கினாலும் கிட் லென்ஸோட நிண்டா அது முழுசாப் போகாது.

சரி, 120,000க்கு என்ன? புதுசா ஒரு நல்ல மிரர்லெஸ் லென்ஸோட இந்தக் காசுக்குள்ள வராது, நேராவே சொல்லுறன். 2022ல டொலர் 200 சொச்சத்தில இருந்து 360க்குப் போனதும், 2024ல வற் 18 வீதமானதும் சேந்து இப்ப வெளிநாட்டு விலையப் பாத்து இங்க கணக்குப் போடவே ஏலாது. ஆனா செகண்ட் ஹாண்ட் டிஎஸ்எல்ஆர் எடுக்க இது நல்ல காலம். கனொனும் நிக்கோனும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மொடல் ஒண்டும் விடேல்ல, ஆக்கள் எல்லாம் மிரர்லெஸுக்கு மாறினம், அவை விக்கிற பழைய செட் நல்ல நிலையில சந்தைக்கு வருது. கனொன் 1500டி, 200டி, நிக்கோன் டி3500, டி5600, இதுகள்ல எது கைக்கு வசதியோ அது. எல்லாத்திலயும் 24 மெகாபிக்சல்தான், படத்தின்ட தரத்தில பெரிய வித்தியாசம் தேடவேண்டாம். எனக்கு ஒண்டத்தான் சொல்லவேணும் எண்டா டி3500, பாரம் குறைவு, ஒரு சார்ஜில 1,550 படம் எண்டு நிக்கோனின்ட கணக்கு, கைட் மோட் எண்டு ஒண்டு இருக்கு, அது பக்கத்தில நிண்டு சொல்லித்தாற மாதிரி.

பொடிக்கும் கிட் லென்ஸுக்கும் முழுக்காசையும் குடுத்திட வேண்டாம், மிச்சம் பிடிச்சு ஒரு எஃப் 1.8 எடுங்கோ. இதில ஒரு விசயம் கவனிக்க வேணும். எல்லாரும் கனொன்ல 50 எம்எம் எடு எண்டு சொல்லுவினம், மலிவு, நல்ல லென்ஸ், உண்மைதான். ஆனா இந்தச் சின்ன சென்சர் (வெளிச்சத்தப் பிடிச்சுப் படமாக்கிற தகடு) பொடியில அது 80 எம்எம் மாதிரி இழுத்துக் காட்டும். வெள்ளவத்தை பிளாட் ஒண்டுக்குள்ள ஒராள முழுசா எடுக்கப் பின்னால போனா முதுகு சுவர்ல முட்டும். வீட்டுக்குள்ள எடுக்கிறதுதான் உங்கட கலரி சொல்லுது எண்டா நிக்கோன்ல 35 எம்எம் எஃப் 1.8, கனொன்ல 24 எம்எம் எஃப் 2.8. இந்தக் கனொன் லென்ஸ் ஒரு பிஸ்கட் அளவு தடிப்புத்தான், வெளிச்சம் கொஞ்சம் குறைவா விடும், ஆனா இடம் கிடைக்கும்.

அந்த ரெண்டு லென்ஸ் கிட் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். கனொன்ல ரெண்டாவது லென்ஸ் 75-300 எண்டு இருந்தா கட்டாயம் வேண்டாம், அதில கை ஆட்டத்த அடக்கிற ஸ்டெபிலைசர் இல்ல. பிறகு உண்மையாவே தூரம் வேணும் எண்டு வந்தா 55-250 ஐஎஸ் தேடுங்கோ, ஐஎஸ் எண்டா அந்த ஸ்டெபிலைசர் இருக்கு எண்டு அர்த்தம்.

பிரெண்ட் சொன்னதும் பிழையில்ல. மிரர்லெஸ்ல கண்ணத் தேடிப் போக்கஸ் பண்ணும், எடுக்க முன்னமே படம் எப்பிடி வரும் எண்டு காட்டும், வீடியோவும் நல்லம். வீடியோதான் உங்களுக்கு முக்கியம் எண்டா இன்னும் கொஞ்சம் சேத்து சோனி இசட்வி-இ10 பக்கம் போங்கோ. இல்லாட்டி இப்ப டிஎஸ்எல்ஆரோட தொடங்கினா ஒண்டும் கெட்டுப்போகாது, இந்த லென்ஸுகள அடப்டர் போட்டு அதே கம்பனியின்ட மிரர்லெஸ்ல பிறகு பாவிக்கலாம்.

கேள்வி: 200 மெகாபிக்சல் போன் வச்சிருக்கிறன். 24 மெகாபிக்சல் கமரா எதுக்கு?
– வாசகர், மருதானை

தம்பி, அந்தப் போனும் சாதாரணமா 200ஐயும் வச்சு எடுக்கிறதில்ல, பதினாறு புள்ளிய ஒண்டாச் சேத்து 12 மெகாபிக்சல் அளவிலதான் படத்தச் சேமிக்குது. ஏ4 அளவுக்கு வடிவாப் பிரிண்ட் போட 9 மெகாபிக்சலே காணும். வித்தியாசம் சென்சரின்ட அளவில. நான் மேல சொன்ன கமராக்கள்ல அது கிட்டத்தட்ட 23 மில்லிமீற்றர் அகலம், போன்ல அதவிடக் கனக்கச் சின்னன். பகல்ல காலிமுகத்திடல்ல ரெண்டையும் வச்சு எடுத்தா போன்ல பாக்கேக்க பெரிசா வித்தியாசம் தெரியாது. இரவு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல மெழுகுதிரி வெளிச்சத்தில ஒரு முகத்த எடுத்துப் பாருங்கோ, தெரியும். உங்கட படம் எல்லாம் பகல் படம், போட்டுக்காட்டுறதும் போன்ல மட்டும் எண்டா கமராவுக்கு அவசரம் இல்ல, காச வையுங்கோ.

கேள்வி: அக்கா, ஒன்லைன்ல ஒரு செகண்ட் ஹாண்ட் செட் பாத்து வச்சிருக்கிறன், சனிக்கிழமை போய்ப் பாக்கிறது எண்டு கதைச்சாச்சு. போனா என்னத்தப் பாக்கிறது? ஏமாந்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு.
– தம்பி ஒராள், கொட்டாஞ்சேனை

முதல்ல பகல்ல சந்தியுங்கோ. இத நான் பட்டுத்தான் சொல்லுறன். என்ட ரெண்டாவது லென்ஸ ஒரு ஆளிட்ட இரவு எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக்கடை வாசல்ல நிண்டு வாங்கினனான். விலை நல்லம், ஆள் மரியாதையாக் கதைச்சார், டியூப் லைட்டில பாக்கக் கண்ணாடி பளபள எண்டு இருந்துது. வீட்ட வந்து அடுத்த நாள் டோர்ச் அடிச்சுப் பாக்கிறன், உள்ளுக்குள்ள ரெண்டாவது கண்ணாடியின்ட ஓரத்தில வெள்ளையா நூல் மாதிரிக் கிளை விட்டு, சிலந்தி வலை பாதியில நிண்ட மாதிரி. பங்கஸ், எங்கட பூஞ்சணம்தான். கழுவிக் குடுக்கலாம் எண்டு ரிப்பேர் செய்யிற ஒராள் சொன்னார், கழுவினார், ஆனா அந்த நூல் கண்ணாடிக்குப் பூசியிருக்கிற கோட்டிங்க அரிச்சிட்டுது, வெளிச்சத்துக்கு நேர எடுத்தா இண்டைக்கும் படத்தில ஒரு வெள்ளைப் புகை நிக்கும். அந்த லென்ஸ் இப்பவும் என்னிட்டத்தான் இருக்கு, இன்னொராளுக்கு விக்க மனம் வரேல்ல.

அதால லென்ஸக் கழட்டி, போன் டோர்ச்ச ஒரு பக்கத்தால அடிச்சு மற்றப் பக்கத்தால பாருங்கோ, நேராவும் பாருங்கோ சரிச்சும் பாருங்கோ, பங்கஸ் சரிச்சுப் பாக்கேக்கதான் தெரியும். ரெண்டொரு தூசு இருக்கும், அது பரவாயில்ல. நூல், கிளை, பனி மாதிரி மூடினது, இதுகள் எண்டா எவ்வளவு விலை குறைச்சாலும் திரும்பி வாங்கோ. லென்ஸத் தனியா வாங்கினா நிக்கோன்ல இன்னொரு கண்ணி இருக்கு: டி3500, டி5600 பொடிக்குள்ள போக்கஸ் மோட்டர் இல்ல. பேருக்குப் பின்னால டி எண்டு முடியிற பழைய ஏஎஃப் லென்ஸ் மலிவாக் கிடைக்கும், பொருந்தும், ஆனா ஓட்டோ போக்கஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி எண்டு இருக்கவேணும்.

பொடியப் பாக்கேக்க சூம வச்சு அப்பர்ச்சர (மேல சொன்ன லென்ஸ் வாய்) எஃப் 16க்குக் கொண்டுபோய் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்கோ, கறுப்புப் பொட்டுகள் தெரிஞ்சா சென்சர்ல ஊத்தை, துடைக்கலாம், ஆனா அந்தச் செலவ விலையில கழிச்சுக் கேளுங்கோ. மூடியப் போட்டு ஒரு படம், அதில சிவப்பு நீலமாக் கனக்கப் புள்ளி மின்னினா சென்சர்ல பழுது இருக்கலாம். எத்தினை க்ளிக் ஓடியிருக்கு எண்டும் கேளுங்கோ, நிக்கோன்ல எடுத்த படத்துக்குள்ளயே அந்தக் கணக்கு இருக்கும், கனொன்ல அநேகமா கம்பியூட்டர்ல கொழுவித்தான் பாக்கவேணும். தொடக்க மொடல்களுக்கு ஒரு லட்சம் க்ளிக் வரைக்கும் எண்டு ஒரு பொதுக்கணக்கு, முப்பதாயிரத்துக்குக் கீழ எண்டா நிம்மதியா எடுக்கலாம். பட்டரி வைக்கிற குழிக்குள்ள பச்சையாக் கறை இருக்கா, மேல பிளாஷ் கொழுவுற தண்டவாளம் நல்லாத் தேஞ்சிருக்கா எண்டும் பாருங்கோ. தேஞ்சிருந்தா அது கலியாண வீடுகளுக்குப் போய் வந்த கமரா.

பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் பொடிக்குக் கீழ இருக்கிறதும் ஒண்டா இருக்கவேணும். வொரன்டி மிச்சம் இருக்கு எண்டு சொன்னா ஏஜன்ட் வொரன்டியா கடை வொரன்டியா எண்டு கேட்டு, காட்டச் சொல்லுங்கோ. உங்கட மெமரி கார்ட்டயே கொண்டு போங்கோ, எடுத்த படங்கள வீட்ட கொண்டுவந்து ஆறுதலாப் பாத்திட்டு அடுத்த நாள் காசு குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ. நல்ல மனிசர் ஓம் எண்டுவினம்.

கேள்வி: வாங்கின கமராவ அரிசிக்குள்ள வச்சா ஈரம் பிடிக்காது எண்டு அம்மா சொல்லுறா, சரியா?
– வாசகி, தெஹிவளை

அம்மா ஈரத்தப் பத்திப் பயப்பிடுறது முழுக்கச் சரி, அரிசிதான் சரியில்ல, அதின்ட மாத்தூள் பட்டன் இடுக்குக்குள்ளயும் லென்ஸ் வளையத்துக்குள்ளயும் போயிடும். கொழும்புக் காத்தில ஈரப்பதன் பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேலதான் நிக்குது, கடற்கரைப் பக்கம் உப்பும் சேரும். பங்கஸுக்கு வேண்டியது ஈரமும் இருட்டும், நாங்க செய்யிறது என்ன, தோல் பாக்குக்குள்ள போட்டு அலுமாரிக்குள்ள உடுப்புக்கு நடுவில வைக்கிறம். அதுக்கு வீடு கட்டிக் குடுக்கிற மாதிரி. ட்ரை கபினெட் வாங்க ஏலுமெண்டா நல்லம், இல்லாட்டி காத்துப் போகாத பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி பெரிசா ஒண்டு, சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டுற சின்ன மீற்றர் ஒண்டு, இவ்வளவும் கன காசில்ல. முள்ளு 40க்கும் 50க்கும் இடையில நிக்கவேணும். ஒரேஞ் நிற ஜெல் பச்சையானா ஈரம் குடிச்சு முடிஞ்சுது எண்டு அர்த்தம், சூடாக்கிக் காயவச்சுத் திரும்பப் போடலாம். நீல நிறத்தில வாறதும் இருக்கு, அதில கோபோல்ட் சேந்திருக்கு, வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா அது வேண்டாம்.

எல்லாத்தையும் விட நல்ல மருந்து, கிழமைக்கு ஒருக்கா வெளியில எடுத்துப் பாவிக்கிறது. ஏசி காரில இருந்து நேரா வெளியில எடுத்தா கண்ணாடி முழுக்க வேர்க்கும், பாக்கோடயே வெளியில ஒரு இருபது நிமிசம் விட்டிட்டுத் திறவுங்கோ. கடற்கரைக்குப் போய்வந்தா கொஞ்சம் நனைச்சுப் பிழிஞ்ச துணியால பொடியத் துடைச்சு, பிறகு காஞ்ச துணியால.

கேள்வி: தங்கச்சி, எனக்கு 52 வயசு. பொகவந்தலாவையில பொறந்து வளந்தேன், இப்ப வத்தளையில டீச்சரா இருக்கேன். லீவுக்கு ஊருக்குப் போறப்பல்லாம் லயத்தையும் எங்க ஆளுங்களையும் படமா எடுத்து வைக்கணும்னு ஆச, இடிச்சிக் கட்டிக்கிட்டே வர்றாங்க, கொஞ்ச நாள்ல ஒன்னுமே இருக்காது. மகன் ஜப்பான்ல வேல செய்றான், சோனி ஒன்னு கொண்டு வர்றேன்னு சொல்றான். இந்த வயசுல ஆரம்பிச்சா சிரிப்பாங்களோன்னு இருக்கு.
– ஒரு டீச்சர், வத்தளை

டீச்சர், உங்கட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். ஜூலியா மார்கரட் கமரன் எண்டு ஒரு அம்மா, போட்டோகிராபி சரித்திரத்தில பெரிய பேர். அவவுக்கு முதல் கமரா கிடைச்சது 1863ல, மகளும் மருமகனும் பரிசாக் குடுத்தது, அப்ப அவவுக்கு 48 வயசு. 1875ல இலங்கைக்கு வந்து இருந்து, களுத்துறையில எங்கட ஆக்களப் படம் எடுத்து, 1879ல இங்கயே காலமானா. அவவ அடக்கம் பண்ணினது எங்க தெரியுமோ, உங்கட பொகவந்தலாவையில, சென் மேரிஸ் தேவாலயத்தில. அடுத்த முறை ஊருக்குப் போகேக்க ஒருக்கா அங்கயும் போய் நில்லுங்கோ, கமராவோட.

இப்ப மகனுக்குச் சொல்லவேண்டியது. ஜப்பான் சந்தைக்கெண்டு சோனி செய்யிற கமராக்கள்ல பெரும்பாலும் மெனு ஜப்பான் மொழியில மட்டும்தான் இருக்கும், இங்கிலிஷுக்கு மாத்த ஏலாது. வாங்க முன்னம் மொழி மாத்த ஏலுமோ எண்டு கடையில திறந்து பாக்கச் சொல்லுங்கோ. வொரன்டியும் அந்த நாட்டோட நிண்டிடலாம், அதையும் கேக்கச் சொல்லுங்கோ. இங்கயே வாங்கலாம் எண்டா எனக்கு கனொன் ஆர்50 உங்களுக்குச் சரி எண்டு படுது. பட்டரியோட 375 கிராம், மலை ஏறி இறங்கிறதுக்குப் பாரம் தெரியாது, திரைய விரலால தொட்டாப் போக்கஸ் பண்ணும். அதின்ட தம்பி ஆர்100 விலை குறைவு, ஆனா அதில தொடுதிரை இல்ல. ரெண்டுமே மழைக்குத் தாங்கிற மாதிரிக் கட்டினது இல்ல, உங்கட ஊர் மழை எனக்குத் தெரியும், ஒரு பெரிய பொலித்தீன் பாக் எப்பவும் உள்ள இருக்கட்டும்.

வாசிக்கக் கண்ணாடி போடுறீங்க எண்டா, கண் வைக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில சரிப்படுத்துற சின்னப் பிடி ஒண்டு இருக்கும், அத அசைச்சு உள்ளுக்குத் தெரியிற எழுத்து தெளிவா வாற வரைக்கும் சரிப்படுத்துங்கோ. இது தெரியாமக் கமரா பழுது எண்டு திருப்பிக் குடுத்தவையும் இருக்கினம். படத்த எடுத்த பிறகு ஆரின்ட லயம், எந்த டிவிசன், எந்த வருசம் எண்டு அண்டைக்கே ஒரு கொப்பியில எழுதுங்கோ, நீங்க எடுக்கப்போற படத்துக்கு அது படத்தளவு முக்கியம்.

கேள்வி: அக்கா, கலியாண வீட்டுப் படம் எடுத்து உழைக்க யோசிக்கிறன். புல் ஃப்ரேம் எண்டுற பெரிய சென்சர் கமரா ஒண்டு தவணைக் காசுக்கு எடுக்கப்போறன். இதுதான் முதல் கமரா. சரிவருமா?
– தம்பி, மட்டக்குளி

வேண்டாம் தம்பி, இப்ப வேண்டாம். மாசாமாசம் தவணை கட்டவேணும், ஆனா மாசாமாசம் கலியாணம் வராது, மார்கழியிலயும் ஆடியிலயும் என்ன செய்வீங்க? கலியாண வீட்டுக்கு ஒரு பொடி காணாது, ஒண்டு நிண்டா மற்றது கையில இருக்கவேணும், தாலி கட்டுறத இன்னொருக்காக் கட்டச் சொல்ல ஏலாது. ரெண்டு மெமரி கார்ட்டில ஒரே நேரத்தில படத்த எழுதுற பொடி வேணும், பிளாஷ் வேணும். இதெல்லாம் சேத்தா நீங்க நினைச்ச கணக்கு ரெண்டு மடங்காகும்.

இப்ப செய்யிற ஒரு போட்டோகிராபரோட ரெண்டாவது ஆளாப் போங்கோ, ஒரு ஆறு மாசம். காசு குறைவாத்தான் வரும், ஆனா மணவறைக்குப் பக்கத்தில எங்க நிக்கவேணும், ஐயர் எப்ப எழும்புவார், வீடியோக்காரர் எந்தப் பக்கத்தால வருவார் எண்டதெல்லாம் பழகிப்போகும். தேவைப்படுற நாளுக்கு கொழும்பில கமரா வாடகைக்கு எடுக்கலாம், ஐடியும் டிப்பொசிட்டும் கேப்பினம். வாடகைக்கு எடுத்தா ஒரு நாள் முந்தியே எடுத்து, அதே மண்டபத்துக்கு அதே நேரத்துக்குப் போய், மணவறை வாற இடத்தில ஒராள இருத்தி எடுத்துப் பாருங்கோ. மேல இருக்கிற கலர் லைட்ட போடச் சொல்லிக் கேளுங்கோ, போடாம எடுத்துப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்ல.